மணவறைச் சுவரும் வகுப்பறைத் தாளும்

ஓவிய வகுப்புக்கென்றே விற்கும் ஒரு வகைத் தாள் உண்டு. நடுவில் அச்சிட்ட கறுப்புக் கோட்டில் ஒரு மீன். சுற்றிலும் தாமரை இதழ்கள், ஓரத்தில் முக்கோண வரிசை, மேலே ‘மதுபனி ஓவியம்’ என்ற தலைப்பு. பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் வண்ணம் நிரப்புவதுதான். ஒரு பாடவேளை முடிவதற்குள் முப்பது மீன்களைச் சுவரில் ஒட்டிவிடலாம். பள்ளிக் கண்காட்சிகளில் இந்த மீன்களை நிறையவே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒன்றே தோன்றும்: மிதிலைப் பெண்களின் கை எதைச் செய்ததோ அதை அச்சகம் முடித்துவிட்டது, மிச்சத்தைத்தான் பிள்ளையிடம் கொடுத்திருக்கிறோம்.

ஏனென்றால் அந்த ஓவியத்தில் கோடுதான் வேலை. மூத்த கலைஞர்கள் பென்சிலில் முன்வரைவு போடுவதில்லை. மூங்கில் குச்சியின் நுனியைச் சீவி, பஞ்சு சுற்றி, விளக்குக் கரியைக் குழைத்த மையில் தோய்த்து நேராகச் சுவரில் இழுப்பார்கள். அழிப்பதற்கு வழி கிடையாது. கை பிசகினால் பிசகிய இடத்தில் ஓர் இலையோ ஒரு குருவியோ முளைக்கும். உருவத்தின் விளிம்பு பெரும்பாலும் இரட்டைக் கோடு. இணையாக ஓடும் அந்த இரண்டுக்கும் நடுவே சாய்வாகச் சின்னச் சின்னக் கீற்றுகள் விழும். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். கண் மட்டும் மீன் அளவுக்கு அகன்று நம்மைப் பார்க்கும். வெற்றிடம் எங்கும் விடமாட்டார்கள். மஞ்சள், அவுரி நீலம், அவரை இலைப் பச்சை, குசும்பப்பூச் சிவப்பு எல்லாம் அப்புறம் வருபவை. கச்னி என்ற வகையில் நிறம் கொஞ்சமே. முழுக்க முழுக்கக் கீற்றுக்கோடுதான். கோட்டைத் தானே இழுக்காத பிள்ளை இந்தக் கலையின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

சமயச் சடங்கோடு பிறந்த ஒரு நாட்டார் ஓவியத்தை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது உண்மையில் எதைக் கற்பிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள மிதிலையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் தாயிடம் மகள் பார்த்துப் படித்தது, அரசு அதிகாரி கொடுத்த தாளில் இறங்கியது, நிறுவனத்தில் பாடமாக மாறியது, இப்போது இந்தியாவெங்கும் பாடநூலில் ஏறியது என்று கற்பித்தலின் எல்லாப் படிகளும் அங்கே ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குள் நடந்திருக்கின்றன.

கம்பராமாயணம் படித்தவர்களுக்கு மிதிலை சீதை பிறந்த ஊர். வரைபடத்தில் அது வட பீகாரும் அதை ஒட்டிய நேபாளத் தராயும் சேர்ந்த, மைதிலி மொழி பேசும் நிலம். மதுபனி அங்குள்ள ஓர் ஊர். அங்கே ஒரு பெண்பிள்ளையின் கை முதலில் பழகுவது சுவரில் அல்ல, தரையில். அரிபன் என்பார்கள். ஊறவைத்த அரிசியை அரைத்துக் கரைத்து, விரல் நுனி வழியே வழியவிட்டுச் சாணம் மெழுகிய தரையில் இடுவது. இடையிடையே குங்குமப் பொட்டு. துளசிமாடத்தின் முன் ஒரு வகை, நோன்புக்கு ஒரு வகை, கல்யாணத்துக்கு ஒரு வகை என்று நாளுக்கும் சந்தர்ப்பத்துக்கும் ஏற்ப வடிவம் மாறும். நம் வீடுகளில் விசேஷ நாளில் போடும் மாக்கோலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கும் இங்கும் துணியை மாவில் நனைத்தோ விரலை நனைத்தோ செய்யும் வேலை ஒன்றேதான். காவிக்கு அங்கே குங்குமம். மாவுநீர் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், விரலை எவ்வளவு வேகமாக நகர்த்தினால் இழை அறாது என்பதையெல்லாம் யாரும் வாயால் சொல்லித் தருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பிள்ளைக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

சுவரோவியத்தின் உச்சம் கோஹ்பர். கல்யாணம் பெண் வீட்டில் நடக்கும். புதுமணத் தம்பதியர் முதல் நான்கு இரவுகள் தங்கும் அறைக்கு கோஹ்பர் கர் என்று பெயர். அதன் சுவரில் தாமரைக் கொடியின் வட்டங்கள், அவற்றை ஊடுருவி நிமிரும் மூங்கில், கிளிகள், மீன்கள், ஆமை, சூரிய சந்திரர், கௌரி பூசை செய்யும் மணமகள். நான்கு மூலைகளிலும் நைனா ஜோகின் என்ற ஒற்றைக்கண் பெண்ணுருவம், கண்ணேறு படாமல் காக்க. சுமங்கலியான மூத்தவர் தொடங்கி வைப்பார். கைதேர்ந்த ஒருத்தி வெளிக்கோடுகளை இழுத்துக்கொண்டே போவாள். மற்றவர்கள் பின்னாலேயே நிரப்பிக்கொண்டு வருவார்கள். சிறுமிகளுக்குக் கீழ்ப்பகுதியும் ஓரமும். வாய் சும்மா இருக்காது. கல்யாணப் பாட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும், அவற்றில் மைதிலிக் கவி வித்யாபதியின் பாடல்களும் உண்டு. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. கல்யாணம் முடிந்தால் சுவர் பழையபடி வீட்டுச் சுவர்தான். மழையும் புகையும் அரித்தது போக, அடுத்த விசேஷத்துக்கு மண்ணும் சாணமும் பூசிப் புதிதாக வரைவார்கள்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தப் பள்ளிக்கூடத்தில் பாடத்திட்டமும் இல்லை, மாதிரிப்படமும் இல்லை. ஆனால் ஓர் ஒழுங்கு உண்டு: தரை முதலில், சுவர் பிறகு, நிரப்புதல் முதலில், கோடு பிறகு. ‘நிரப்புவதுதானே அங்கும் முதல் பாடம், வண்ணத்தாள் மட்டும் என்ன பாவம் செய்தது?’ என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். அங்கே நிரப்புகிற சிறுமிக்கு அந்தக் கோடு தன் கண்முன் இழுபடுவது தெரியும், இழுப்பவள் தன் அத்தை என்பது தெரியும், இன்னும் சில வருஷத்தில் அந்தக் குச்சி தன் கைக்கு வரும் என்பதும் தெரியும். அச்சிட்ட மீனுக்கு அத்தை இல்லை.

வகுப்பறையில் வண்ணத்தாளுக்கு அடுத்து வருவது பொருள் அட்டவணை. மீன் என்றால் வளமை, ஆமை என்றால் நீண்ட ஆயுள், கிளி என்றால் காதல், தாமரை என்றால் பெண்மை, மூங்கில் என்றால் ஆண்மை. தேர்வில் ‘பொருத்துக’ கேள்விக்கு மிகவும் வசதி. இந்த அட்டவணையின் பின்னால் ஒரு சுவையான சண்டை இருப்பது பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. 1970களில் ஈவ் வேகோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் மிதிலை ஓவியத்தைப் பற்றி எழுதிய நூல் ஐரோப்பாவில் பரவலாக வாசிக்கப்பட்டது. கோஹ்பரைத் தாந்திரீக, பாலியல் குறியீடுகளின் தொகுப்பாகப் பார்க்கும் பார்வையை அது பிரபலமாக்கியது. அமெரிக்க மானுடவியலாளர் கேரலின் பிரவுன் ஹைன்ஸ் 1996இல் எழுதிய கட்டுரை அந்தப் பார்வையைக் கேள்விக்கு உட்படுத்தியது. வரைகிற பெண்களிடம் கேட்டால் மூங்கிலை அவர்கள் குலத்தோடுதான் சேர்த்துச் சொல்வார்கள். வம்சம் என்ற வடசொல்லுக்கு மூங்கில், குலம் இரண்டுமே பொருள் என்பதை நினைத்துப் பார்த்தால் அது எவ்வளவு இயல்பான விளக்கம் என்பது புரியும். குளத்தங்கரையில் ஒரு முளையிலிருந்து புதராய்ப் பெருகும் மூங்கிலைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு வேறு குறியீட்டு அகராதி எதற்கு? வெளியாளின் வாசிப்பு தவறு, உள்ளாளின் வாசிப்பு மட்டுமே சரி என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் இரண்டு வாசிப்புகள் மோதுகின்றன என்பதைப் பதினோராம் வகுப்பு மாணவன் தாராளமாகப் புரிந்துகொள்வான். அந்த மோதலே நல்ல பாடம். அட்டவணை அதை மூடிவிடுகிறது.

வெளியுலகம் இந்தச் சுவர்களைப் பார்த்ததே சுவர்கள் இடிந்ததால்தான். 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் மதுபனிப் பகுதியின் வீடுகள் பிளந்தன. சேதத்தைப் பார்க்கப் போன பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஆர்ச்சர், அந்நிய ஆண் கண் படாத உள்ளறைகளின் சுவர்கள் வெயிலில் நிற்பதைக் கண்டார். பால் க்ளே, மிரோ என்ற ஐரோப்பிய நவீன ஓவியர்கள் அவர் நினைவுக்கு வந்தார்களாம். பிறகு அவற்றைப் புகைப்படம் எடுத்தார். 1949இல் பம்பாயின் மார்க் இதழில் அவர் எழுதிய ‘மைதில் பெயின்டிங்’ கட்டுரைதான் இந்தக் கலையைப் பற்றிய முதல் முக்கியமான எழுத்து. அதே நிலநடுக்கத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அரிஜனச் சுற்றுப்பயணத்தில் இருந்த காந்தி, அது தீண்டாமைப் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று சொன்னது 1934 ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில். தாகூர் அதைக் கடுமையாக மறுத்தார். இயற்கைக்கும் பாவத்துக்கும் முடிச்சுப் போடுவதில் தாகூர் பக்கம்தான் நியாயம். ஆனால் மிதிலைச் சுவர்களைப் பற்றிப் பேச வரும்போது சாதியைத் தாண்டிப் போக முடியாது என்பதும் உண்மை. ஆர்ச்சர் பார்த்தது பிராமண, காயஸ்த வீடுகளின் சுவர்களையே.

1966, 67இல் பீகாரில் கடும் வறட்சி. அகில இந்தியக் கைவினை வாரியத்தை நடத்திய புபுல் ஜெயகர், பாஸ்கர் குல்கர்னி என்ற பம்பாய் ஓவியரைக் கையில் தாளோடு மதுபனிக்கு அனுப்பினார். சுவரில் வரைவதைத் தாளில் வரையுங்கள், விற்றுத் தருகிறோம் என்பதுதான் திட்டம். ஜிதவார்பூர், ராந்தி முதலிய கிராமங்களில் சிலர் தயங்கித் தயங்கித் தொடங்கினார்கள். ஜெகதம்பா தேவி, சீதா தேவி, மகாசுந்தரி தேவி, கங்கா தேவி, பவுவா தேவி என்று பெயர்கள் வெளியே வந்தன. 1975இல் ஜெகதம்பா தேவிக்குப் பத்மஸ்ரீ. தொடர்ந்து 1981இல் சீதா தேவிக்கு, 1984இல் கங்கா தேவிக்கு. கலைஞர் என்ற சொல்லே இவர்களுக்கு அப்போதுதான் பொருந்த ஆரம்பித்தது. அதற்கு முன் அது வீட்டு வேலைகளில் ஒன்று. கையெழுத்து என்ற ஒன்றும் தாளோடுதான் வந்தது.

தாள் வேறொன்றையும் செய்தது. பாடநூல்கள் மிதிலை ஓவியத்தில் பர்னி, கச்னி, கோத்னா என்று வகைகள் சொல்லும். பர்னி என்றால் நிரப்புவது, கச்னி கீற்றுக்கோடு, கோத்னா பச்சைகுத்தல். மூன்று உத்திகளின் பெயர்போல இவை கேட்கும். அப்படி மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி உண்மை. பர்னி ஜிதவார்பூரின் பிராமணப் பெண்களோடும், கச்னி ராந்தியைச் சுற்றிய காயஸ்தப் பெண்களோடும் சேர்த்து அறியப்பட்டவை. கணக்குப்பிள்ளைக் குடும்பங்களான காயஸ்தர்களிடம் எழுதுகோலின் மெல்லிய கோடு பழகியிருந்ததில் ஆச்சரியமில்லை. கோத்னா 1970களில் துசாத் என்ற தலித் சமூகப் பெண்களிடம் பிறந்தது. மேல்சாதி வீட்டுக் கடவுளரையும் கோஹ்பரையும் அப்படியே வரைவதற்குப் பதிலாக, சானோ தேவி போன்றவர்கள் தங்கள் உடம்பில் குத்திய பச்சையின் வடிவங்களைத் தாளுக்குக் கொண்டுவந்தார்கள். எரிகா மோசர் என்ற ஜெர்மானிய மானுடவியலாளரின் ஊக்கம் அதற்கு இருந்தது. ராமனுக்கும் கிருஷ்ணனுக்கும் பதில் அவர்கள் வரைந்தது தங்கள் குலவீரன் ராஜா சல்ஹேசின் கதையை. சாணக் கரைசல் பூசிய தாளின் பழுப்பும் தலித் சமூகங்களிலிருந்து வந்ததே. 2024இல் அந்த மரபைச் சேர்ந்த சாந்தி தேவி, சிவன் பாஸ்வான் தம்பதிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஜெகதம்பா தேவிக்கும் அவர்களுக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு.

இந்து நாட்டார் ஓவியம் என்று ஒரே சொல்லில் அடக்கிக் கற்பிக்கும்போது இந்த வரலாறுதான் முதலில் தொலைகிறது. யார் எந்தக் கடவுளை வரையலாம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நம் ஊர் மாணவருக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும்; மதுரைவீரனும் காத்தவராயனும் யாருடைய கதைகள் என்று அவர்களுக்குத் தெரியும். சல்ஹேசை அவர்களுக்கு அறிமுகப்படுத்த அதைவிடக் குறுக்குவழி வேண்டாம்.

துலாரி தேவியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 2025 பிப்ரவரி 1 அன்று, மதுரையில் பிறந்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசிக்க உடுத்தி வந்த மதுபனிப் புடவை நினைவிருக்கலாம். அது துலாரி தேவி கொடுத்தது. ராந்தி கிராமத்தில் மல்லா என்ற மீனவச் சமூகத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் போனதில்லை. மகாசுந்தரி தேவி, கர்பூரி தேவி ஆகியோரின் வீட்டில் பாத்திரம் தேய்த்து, தரை பெருக்கிக்கொண்டு அவர்கள் வரைவதைப் பார்த்தவர். வீட்டுக்கு வந்து மண்ணில் குச்சியால் கீறிப் பார்த்தவர். பிறகு அவர்களே தூரிகை கொடுத்துக் கற்பித்தார்கள். 2021இல் பத்மஸ்ரீ. அவர் எழுதக் கற்றது தன் பெயரையும் ஊர்ப் பெயரையும்தான், ஓவியத்தின் கீழே போடுவதற்காக.

தாயிடமிருந்து மகளுக்கு என்று நாம் உருகி உருகிச் சொல்லும் பரம்பரைக் கல்வியின் கதவு துலாரி தேவிக்குத் திறந்திருக்கவில்லை. அவருடைய தாய்க்கு வரையச் சுவர் இல்லை, வரைந்துகாட்ட அவகாசமும் இல்லை. அவர் கற்றது வேலைக்காரியாக நுழைந்த ஒரு வீட்டில். அந்த வீடு கலையை விற்கத் தொடங்கியிருந்ததாலும், அங்கே பயிற்சி வகுப்பு என்ற ஒன்று வந்திருந்ததாலும்தான் தூரிகை அவர் கைக்கு எட்டியது. ஆகவே ‘நிறுவனம் வந்து மரபைக் கெடுத்தது’ என்ற புலம்பலை என்னால் முழுதாக ஏற்க முடிவதில்லை. மரபு என்ற அத்தையின் மடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கவில்லை.

நிறுவனமும் வந்தது. அமெரிக்க மானுடவியலாளர் ரேமண்ட் ஓவன்சும் நண்பர்களும் 1980இல் தொடங்கிய எத்னிக் ஆர்ட்ஸ் ஃபவுண்டேஷன், 2003இல் மதுபனி நகரில் மிதிலா ஆர்ட் இன்ஸ்டிடியூட்டை நிறுவியது. ஓவியத் தேர்வு வைத்துச் சேர்த்தார்கள், கட்டணம் கிடையாது. பல சாதிப் பிள்ளைகளும் ஆண்களும் வந்தார்கள். அதன் முதல் இயக்குநர் சந்தோஷ் குமார் தாஸ், ராந்தியில் பிறந்து பரோடா நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். குஜராத் கலவரத்தைப் பற்றி மிதிலைப் பாணியில் ஓவியத் தொடர் வரைந்தவர். அங்கே பயின்ற பிள்ளைகள் கோஹ்பரையும் வரைந்தார்கள், வரதட்சணையையும் பெண்சிசுக் கொலையையும் வரைந்தார்கள். மாநில அரசும் மதுபனியை அடுத்த சௌராட்டில் மிதிலை ஓவியத்துக்கென ஒரு நிறுவனத்தை நடத்துகிறது. துலாரி தேவி அங்கே கற்பித்தவர். நிதியமைச்சர் அவரைச் சந்தித்ததும் அங்கேதான்.

கோட்டைக் கற்றுக்கொண்டவர் அதை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோக முடியும் என்பதற்கு கங்கா தேவியைவிடப் பெரிய சாட்சி இல்லை. 1985இல் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போய்வந்த அவர், அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரை மிதிலைக் கீற்றுக்கோட்டில் வரைந்தார். புற்றுநோய் வந்தபோது மருத்துவமனையையும் வரைந்தார். சிகிச்சைக்கு நடுவிலேயே டெல்லி கைவினை அருங்காட்சியகத்தின் ஓர் அறையில் முழு கோஹ்பரைச் சுவர்களில் எழுதினார். 1991இல் இறந்தார். புதுப்பிப்பு வேலையின்போது அந்தச் சுவரோவியங்கள் அழிக்கப்பட்டுவிட்ட செய்தி 2015இல் வெளியாகிப் பெரிய சர்ச்சையானது. கிராமத்தில் கோஹ்பர் அழிவது வழக்கம்தானே என்று யாரும் சமாதானம் சொல்ல முடியாது. கிராமத்தில் அதை அடுத்த கல்யாணத்துக்கு மறுபடி வரைய ஒரு கை இருக்கும். டெல்லிச் சுவருக்கு அந்தக் கை போய்விட்டது. எதைப் பாதுகாப்பது, எதைத் திரும்பச் செய்வது என்பதைப் பற்றி மாணவர்களோடு பேச ஒரு முழு வகுப்புக்கு இது போதும். ஜப்பானின் நீகாத்தா பகுதியில் தோகாமாச்சி என்ற ஊரில் தோகியோ ஹசேகாவா 1982இல் மிதிலைக்கென ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார் என்பதையும் கூடவே சொல்லலாம். அது இயங்குவது பிள்ளைகள் இல்லாமல் மூடப்பட்ட ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில்.

சரி, நம் வகுப்பறைக்கு வருவோம். என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு நுண்கலைப் பாடநூலில் மிதிலை ஓவியம் இருக்கிறது. பள்ளிகளுக்கிடையே 2015 முதல் நடக்கும் கலா உத்சவில் காட்சிக் கலைக்கு இடம் உண்டு. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பத்து நாள் பையில்லாக் காலம் என்ற யோசனையைச் சொல்லி, தச்சர், குயவர், ஓவியர் போன்றோரிடம் பிள்ளைகள் போய்ப் பழகட்டும் என்கிறது. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளோடு நமக்கு உள்ள வழக்கு தனி. இந்த ஒரு யோசனை மட்டும் யார் சொன்னாலும் நல்லதே. ஆனால் சென்னையிலோ தேனியிலோ உள்ள பிள்ளை மிதிலைக்காரரிடம் போக முடியாது. அதற்குத் தேவையும் இல்லை.

முதல் வகுப்பு வராந்தாத் தரையில் நடக்கட்டும். அரிசியை ஊறவைத்து அரைத்துக் கொண்டுவரச் சொல்லலாம். பள்ளியில் கூட்டிப் பெருக்கும் அக்காவோ சத்துணவுக் கூடத்து ஆயாவோ, மாக்கோலம் போடத் தெரிந்த யாரையாவது அழைத்து உட்காரவைக்கலாம். அன்றைக்கு அவர்தான் ஆசிரியர், ஓவிய ஆசிரியர் மாணவர் வரிசையில். விரலிலிருந்து மாவு இறங்குவதைப் பையன்களும் பழக வேண்டும். புள்ளிக்கோலத்தின் இலக்கணத்தைச் சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1970களில் கணினியியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார் என்று கணக்கு ஆசிரியர் வந்து ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுப் போகலாம். அப்புறம்தான் தாள். அதுவும் ஆளுக்கொன்று வேண்டாம். நான்கைந்து பேருக்கு ஒரு பெரிய தாள். ஒருவர் கோடிழுக்க, மற்றவர்கள் பின்தொடர்ந்து நிரப்ப, பிறகு முறைமாற்றிக்கொள்ள. பென்சிலும் ரப்பரும் ஆசிரியரின் மேசையில் இருக்கட்டும். கோணிய கோட்டை என்ன செய்வது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மீனையும் மயிலையும் திரும்பத் திரும்பப் போடுவதைவிட, அவரவர் வீட்டுக் கல்யாணத்தையோ காலைப் பேருந்து நெரிசலையோ அந்த இரட்டைக் கோட்டில் வரையச் சொல்லலாம். கங்கா தேவி ரோலர் கோஸ்டரை வரைந்தவர் என்பதால் இதற்கு யாரும் ஆட்சேபம் எழுப்ப முடியாது.

மதம் பற்றிய தயக்கம் ஆசிரியர்களிடம் இருப்பது எனக்குத் தெரியும். வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கௌரி பூசையை எப்படிப் பாடமாக்குவது? இரண்டு தப்பான வழிகள் உண்டு. ஒன்று, கடவுளை எடுத்துவிட்டு வெறும் அலங்கார வடிவமாகக் கொடுப்பது. மீன்தாள் அதைத்தான் செய்கிறது. மற்றொன்று, வகுப்பையே வழிபாட்டுக் கூடமாக்குவது. ஒரு சமூகம் கல்யாணத்தன்று ஏன் இந்தச் சுவரை இப்படி எழுதியது, கண்ணேறுக்கு ஏன் அஞ்சியது என்று விளக்குவதற்கு யாரும் யாரையும் கும்பிடச் சொல்ல வேண்டியதில்லை. மதுபனியில் சாலையோர மரங்களை வெட்டாமல் இருக்க அவற்றின் அடிமரத்தில் கடவுளரை வரைந்து வைத்தார்கள். பக்தி, தந்திரம், சூழலியல் மூன்றும் கலந்த இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை எவ்வளவோ பேசவைக்கலாம்.

நல்ல புத்தகங்களுக்கும் அலைய வேண்டாம். துலாரி தேவி தன் வாழ்க்கையைத் தானே படங்களாகச் சொல்லும் ‘ஃபாலோயிங் மை பெயின்ட் பிரஷ்’ நூலை வெளியிட்டது சென்னைத் திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ். ஓர் இளம்பெண் ரயிலில் போகும்போது பெண்களின் வாழ்க்கையைப் பற்றி ஓடும் யோசனைகளை அம்ரிதா தாஸ் வரைந்த ‘ஹோப் இஸ் எ கேர்ள் செல்லிங் ஃப்ரூட்’டும் அங்கேயே வந்தது. எழுத்து ஆங்கிலம், படங்களுக்கு மொழி தேவையில்லை. ஒரு பிரதி வாங்கி வகுப்பில் சுற்றுக்கு விட்டாலே, மிதிலை ஓவியம் என்பது பெயரில்லாத பழங்காலப் பெண்கள் விட்டுப்போன மிச்சம் என்ற எண்ணம் மாறிவிடும். 2007இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படிக்கிற பிள்ளை, கடையில் தொங்கும் அச்சடித்த ‘மதுபனி’ சுடிதாரையும் கையால் எழுதியதையும் கோட்டைப் பார்த்தே பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் பாடம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

ரயில் நிலையங்களை அழகுபடுத்தும் போட்டியில் 2018இல் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டவை மதுபனியும் மதுரையும். இரண்டு ஊர்களிலும் உள்ளூர்க் கலையைச் சுவரில் ஏற்றியிருந்தார்கள். நம் பிள்ளைகளின் பள்ளிச் சுவரும் அதே சுண்ணாம்புச் சுவர்தான். அடுத்த முறை அந்த மீன்தாள் கட்டை வாங்கப் போகும் ஆசிரியர்கள் அதற்குப் பதிலாக அரைப்படி பச்சரிசி வாங்கி வாருங்கள்.